ஹைட்ரன்டுக்குச் சிக்குக் கோலம்: ஒரு வருட வேலைக் குறிப்பு

எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், தெரு திரும்புகிற முனையில் ஒரு ஹைட்ரன்ட் நிற்கிறது. போன வருடம் மே மாதத்திலிருந்து அதற்கு நான்தான் பொறுப்பு. நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பக்கம், ஏரிக் காற்றில் பனி கொட்டுகிற சின்ன ஊர் எங்களுடையது. நீர்த்துறை வீடு வீடாக ஒரு தாள் அனுப்பியிருந்தது. விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கொரு ஹைட்ரன்டைத் தத்தெடுத்துக்கொள்ளலாம், கோடையில் பெயின்ட் அடித்து அலங்கரிக்கலாம், பனிக்காலத்தில் தோண்டி வெளியே எடுத்துவிட வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது. ‘அலங்கரிக்கலாம்’ என்பது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது. என் கண்ணிலும்தான்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு வீடியோ காலில் சொன்னேன். அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள்.

“தெருக்குழாயத் தத்தெடுக்கியா? ஏல, ஆபீஸ்ல வேலை ஒண்ணும் இல்லையா ஒனக்கு?”

“தெருக்குழாய் இல்லம்மா. தீப்பிடிச்சா ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து தண்ணி எடுக்கிற குழாய்.”

“அதுக்கு எதுக்குல பெயின்டு?”

துருப்பிடிக்காமல் இருக்க என்று ஏதோ சொல்லி வைத்தேன். பாதி சரிதான். மீதிப் பாதி எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

பத்து வருடமாக இந்தச் சாமானைத் தினமும் பார்க்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். தொண்டர்களுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் நீர்த்துறை வளாகத்தில் வகுப்பு வைத்தார்கள். அங்கே நடுவில் அறுத்த ஒரு பழைய ஹைட்ரன்டைப் படுக்கப் போட்டிருந்தார்கள். நெடுக உள்ளே பார்த்தால் ஒரே ஒரு நீளக் கம்பி, வேறொன்றும் இல்லை. வால்வு எல்லாவற்றுக்கும் அடியில், மண்ணுக்குள் நாலைந்து அடி ஆழத்தில் இருக்கிறது. குளிரில் மண் உறைகிற ஆழத்துக்கும் கீழே. நாம் வெளியே பார்க்கிற சிவப்பு உடம்புக்குள் சாதாரணமாகத் தண்ணீரே கிடையாது. உச்சியில் ஐந்து மூலை வைத்த ஒரு நட்டு இருக்கும். அதைத் தனிச் சாவி போட்டுச் சுற்றினால் கம்பி இறங்கி வால்வைத் திறக்கும், தண்ணீர் ஏறும். மூடியதும் உள்ளே நின்ற தண்ணீர் அடியிலிருக்கும் வடிகால் துளைகள் வழியாகச் சரளைக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால் ஜனவரியில் பனிக்கட்டியாகி, வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். கலிஃபோர்னியா மாதிரி உறையாத ஊர்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே உடம்பு முழுக்க எப்போதும் தண்ணீர் நிற்கிற வகையைத்தான் வைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். நம் ஊர்க் குழாயைத் திறக்கிற மாதிரி பாதி திறந்து வைக்கிற பேச்சே கிடையாது. முழுக்கத் திறந்தால்தான் வடிகால் துளைகள் அடைபடும். பாதியில் விட்டால் அழுத்தத்தோடு தண்ணீர் அந்தத் துளைகள் வழியே பீய்ச்சி, சுற்றியிருக்கும் மண்ணை அரித்துவிடும். திறப்பதையும் மூடுவதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். படக்கென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி, தெருவுக்கடியில் போகிற பெரிய குழாயே உடையலாம். ஆகவே தொண்டர்கள் யாரும் எந்த நட்டையும் தொடக்கூடாது. எங்களுக்கு உடம்பு மட்டும்தான்.

அலங்காரத்துக்கும் விதிகள் இருந்தன. தலையில் இருக்கும் தொப்பியையும் ஹோஸ் மாட்டுகிற மூன்று வாய்களின் மூடிகளையும் தொடக்கூடாது, அவற்றின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. விளம்பரம், அரசியல் கூடாது. கறுப்பு, பழுப்பு, புல் பச்சை மாதிரி சுற்றுப்புறத்தோடு ஒன்றிப்போகிற நிறங்கள் கூடாது. திருகுப் பகுதி, சங்கிலி, நட்டு எதிலும் பெயின்ட் படக்கூடாது. எங்கள் ஊரில் உடம்புக்கு அடிநிறம் சிவப்பு. அதன்மேல் என்ன வரைந்தாலும் முதலில் காகிதத்தில் வரைந்து காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

சிவப்பு உடம்பு என்றதும் எனக்குக் காவிதான் ஞாபகம் வந்தது. காவி வந்தால் பின்னாலேயே வெள்ளைக் கோலம் வரத்தானே வேண்டும்.

வேலை ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பித்தது. முதல் நாள் பெயின்ட் வேலையே இல்லை, செடி வெட்டுகிற வேலை. முன்னாலிருந்த யாரோ ஹைட்ரன்ட் அசிங்கமாகத் தெரிகிறதென்று சுற்றிலும் புதர் நட்டு மறைத்திருந்தார்கள். அது நன்றாக வளர்ந்து, மூன்றில் ஒரு வாய் இலைக்குள் இருந்தது. சுற்றிலும் எந்தப் பக்கமும் மூன்றடி காலியாக இருக்க வேண்டும். சாவியைப் போட்டுத் தீயணைப்பு வீரர் முழு வட்டமாகச் சுற்றுவதற்கு அவ்வளவு இடம் வேண்டும். தவிர தரைமட்டத்துக்குச் சற்று மேலே போல்ட்டு போட்ட ஒரு வளையம் இருக்கிறது. கார் வந்து மோதினால் அந்த இடத்தில் மட்டும் உடைந்து, அடியிலுள்ள வால்வு மூடினபடியே இருப்பதற்காக வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த இணைப்பு அது. மரத்தூளும் மண்ணும் சேர்ந்து அதைப் புதைத்திருந்தன. நாலு வாளி அள்ளிப் போட்ட பிறகுதான் வளையம் வெளியே வந்தது. பக்கவாட்டில் வார்ப்பு எழுத்துகளும் தெரிந்தன: கென்னடி, எல்மைரா, 1968. கென்னடி அதைச் செய்த கம்பெனி, எல்மைரா இதே மாநிலத்தில் இருக்கும் ஊர்தான். ஹைட்ரன்ட் என்னைவிட வயதில் பெரியது என்பதில் மகளுக்கு ஒரே சந்தோஷம்.

பழைய பெயின்டைச் சுரண்டும் வேலையை எங்களிடம் விடவில்லை. அமெரிக்காவில் 1978 வரைக்கும் வீட்டுக்கு அடிக்கிற பெயின்டிலேயே ஈயம் இருக்கலாம். 1968-ல் வார்த்த இரும்பின்மேல் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும். நீர்த்துறை ஆட்கள் இரண்டு பேர் முகமூடி போட்டு, கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, உதிர்ந்ததை மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். நீங்களும் பழைய இரும்புக் கேட்டைத் தேய்க்கப் போனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

அவர்கள் சுரண்டும்போது நான் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புக்கு அடியில் மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் மறுபடி சிவப்பு. அதற்கும் அடியில் கருநீலம், அந்த நீலத்தின் நடுவில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளை வட்டம். அதற்குக் கீழே இன்னொரு வட்டம், இன்னொன்று. சட்டைப் பொத்தான்!

“1976,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் கேப்டன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லி நான் கேட்டதில்லை. சுதந்திரம் பெற்ற 200-ஆவது வருடம் என்று அந்தக் கோடையில் நாடு முழுக்க ஊர் ஊராக ஹைட்ரன்டுகளுக்குப் பழைய காலத்துச் சிப்பாய் வேஷம் போட்டார்களாம். தொப்பியில் முகம், உடம்பில் நீலக் கோட்டு, குறுக்கே வெள்ளைப் பட்டை. “நானும் பள்ளிக்கூடத்துப் பையனாக ஒன்றுக்கு அடித்தேன். இது இல்லை, அடுத்த தெருவில். மூக்கை ரொம்பப் பெரிதாக வரைந்துவிட்டேன்.” பொத்தான்கள் சுரண்டலில் உதிர்ந்து பிளாஸ்டிக்கில் விழும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் என் வேலை. வெறும் இரும்பாகத் தெரிந்த இடங்களில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துருப்பிடித்த இரும்புக்கென்று இருக்கிற பிரைமர் ஒரு கை. இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிவப்பு எனாமல் முதல் கை அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டதென்று இரண்டாவது கையை அடித்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. அடித்த இடமெல்லாம் சுருங்க ஆரம்பித்தது. காய்ச்சின பாலை ஆறவைத்து ஊதினால் ஆடை எப்படிச் சுருங்கும், அப்படியே. சின்னச் சின்ன மடிப்பாகத் தெற்குப் பக்கம் முழுக்க. வெயில் பட்ட பக்கம் அது. டப்பாவைத் திருப்பிப் படித்தால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: அடுத்த கையை ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் 24 மணி நேரம் கழித்து அடி. நான் அடித்தது நாலு மணி நேரத்தில். மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் ஈரம் இருக்கும்போது புதுப் பெயின்டின் தின்னர் உள்ளே இறங்கி அந்தத் தோலை ஊற வைத்துத் தூக்கிவிடும். துணியில் தின்னர் தொட்டுத் துடைக்கப் போய் இன்னும் கெடுத்தேன். கடைசியில் ஒரு வாரம் அப்படியே காயவிட்டு, இது புதுப் பெயின்ட்தானே என்று மடிப்புகளை மட்டும் தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த ஒரு வாரமும் தெருவில் நாய் நடத்திப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிட்டாள்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. நல்லவேளை, பெயின்ட் முழுக்கக் காய்வதற்குள்ளேயே பிடிபட்டது. சிவப்பு இரண்டு கை முடிந்த சாயந்திரம் கேப்டன் வந்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் ஹைட்ரன்டைச் சுற்றி வந்து, பக்கத்து வாய்மூடியில் தொங்குகிற சங்கிலியை ஒரு விரலால் தட்டினார். அது ஆடவில்லை. உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து மூடிக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடுக்கைக் காட்டினார். இடுக்கே இல்லை, சிவப்புப் பெயின்ட் பாலம் கட்டியிருந்தது. மாஸ்கிங் டேப் ஒட்டத்தான் செய்தேன், மூடிமேல் ஒட்டினேன். இடுக்கை விட்டுவிட்டேன்.

“ராத்திரி இரண்டு மணிக்குக் கையுறை போட்ட ஒருத்தன் இதைத் திருகுவான்,” என்றார். “அவன் எத்தனை தடவை சுத்தியால் அடிக்க வேண்டும் என்பதை நீங்கள் இப்போது தீர்மானிக்கிறீர்கள்.”

பேனாக்கத்தியை எடுத்து இடுக்கில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். சிவப்பு நூல் ஒன்று சுருளாக வெளியே வந்தது. மற்ற இரண்டையும் என்னையே செய்யச் சொன்னார். சங்கிலியைப் பிரித்துத் தின்னரில் ஊறவைத்து ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தேன்.

அந்தத் திருகுக்கு ஒரு கதை இருக்கிறது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் தீப்பிடித்து எரிந்தபோது வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா என்று வெளியூர்களிலிருந்தெல்லாம் வண்டிகள் ரயிலில் ஏறி வந்தன. ஆனால் பல ஊர்களின் ஹோஸ் பால்டிமோர் ஹைட்ரன்டில் பொருந்தவில்லை, திருகு வேறு வேறு அளவு. நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்ற முயற்சி அதற்கப்புறம்தான் வேகம் பிடித்தது. அப்படி உயிரைக் கொடுத்து ஒழுங்குபடுத்தின திருகின்மேல்தான் நான் எனாமலைப் பூசி ஒட்டி வைத்திருந்தேன்.

தொப்பியின் நிற அர்த்தத்தையும் கேப்டன்தான் அன்றைக்கு விளக்கினார். எங்கள் ஹைட்ரன்டுக்குத் தொப்பி பச்சை. நிமிடத்துக்கு 1000-லிருந்து 1499 காலன் வரை தரும் என்று அர்த்தம். இளநீலம் என்றால் 1500-க்கு மேல். ஆரஞ்சு 500-லிருந்து 999. சிவப்புத் தொப்பி என்றால் 500-க்கும் குறைவு, அதை நம்பிப் பெரிய தீக்குப் போகாதே என்று பொருள். தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் பரிந்துரை இது, சட்டமில்லை. ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். “பெரிய தீ என்றால் பக்கத்து ஊர் வண்டி வரும். அந்த டிரைவர் இந்தத் தெருவைப் பார்த்தே இருக்க மாட்டான். மழையில், புகையில், வண்டி விளக்கு வெளிச்சத்தில் அவனுக்குத் தெரிவது இந்தத் தொப்பி ஒன்றுதான்.” எதுக்குல பெயின்டு என்று அம்மா கேட்டதற்கு மீதிப் பாதி பதில் இதுதான். அடுத்த காலில் சொன்னேன். “அதான, நெத்தியில பொட்டு வச்ச மாதிரி,” என்றாள். அவள் வேறு அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம்.

இனிமேல் கோலம். கேட்டவர்களுக்கெல்லாம் நான் விரிவாகச் சொல்வது இந்த இடத்தைத்தான், இங்கேயும் அப்படியே.

வாய்களுக்குக் கீழே, உடையும் வளையத்துக்கு மேலே, தடையில்லாமல் சுற்றி வருகிற ஒரு பட்டை கிடைத்தது. சுற்றளவு 25 அங்குலம், உயரம் 8 அங்குலம் போல. அதில் நாலு வரிசைப் புள்ளி வைத்து, இழை ஹைட்ரன்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி சிக்குக் கோலம் என்று திட்டம். 25 அங்குலத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி மடித்தேன். இரண்டாக, மறுபடி இரண்டாக, அப்புறம் மூன்றாக. 12 பாகம், வரிசைக்கு 12 புள்ளி. மடிக்கச் சுலபம் என்பதைத் தவிர 12-க்கு வேறு காரணம் கிடையாது.

பட்டையை வளையமாக ஒட்டி, பென்சிலால் இழை போட்டு, மகளை விரல் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவள் விரல் இரண்டு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. தொடாத இழை நிறைய மிச்சம் இருந்தது. வேறு இடத்தில் வைத்து ஓட்டினாள், மறுபடி இரண்டு சுற்று. நாலு கிரேயான் எடுத்து நாலு நிறத்தில் போட்டபோதுதான் எல்லாம் தீர்ந்தது. நாலு தனித்தனி இழை.

அம்மாவிடம் காட்டினோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள்.

“என்னட்டி இது, நாலு கம்பியா அந்து அந்து கெடக்கு. ஒரே கம்பியா வரணும்,” என்றாள் பேத்தியிடம்.

“எப்படி ஆச்சி?”

“ஒரு புள்ளியக் கூட்டிப் பாரு. வரலன்னா ஒண்ணக் கொற. ஒங்கப்பன் கணக்குத்தான படிச்சான், அவன்ட்ட கேளு.”

ஒரு புள்ளியைக் கூட்டினோம். 13. புதுக் காகிதம், புது வளையம். மகள் விரலை வைத்து ஓட்ட ஆரம்பித்தாள். இரண்டு சுற்று, மூன்று, நாலு, இன்னும் புறப்பட்ட இடம் வரவில்லை. எட்டாவது சுற்று முடியும்போது விரல் சரியாகத் தொடங்கிய புள்ளியின் தோளில் வந்து நின்றது. ஒரு இழைகூட மிச்சமில்லை. அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மனைவி இறங்கி வந்தாள்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஏனென்று போட்டுப் பார்த்தேன். இழை மேலே முட்டி, கீழே முட்டி, மறுபடி அதே நிலைக்கு வருவதற்குள் வரிசைகளைப் போல இரண்டு மடங்கு புள்ளிகளைத் தாண்டியிருக்கும். நாலு வரிசை என்றால் 8. ஆக, சுற்றிலும் இருக்கும் புள்ளிக்கும் 8-க்கும் மீ.பொ.வ. (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற பெரிய எண்) எதுவோ அத்தனை இழை. 12-க்கும் 8-க்கும் மீ.பொ.வ. 4. 13-க்கும் 8-க்கும் 1. அம்மா சொன்ன மாதிரி ஒன்று குறைத்து 11 வைத்திருந்தாலும் ஒரே இழைதான் வந்திருக்கும். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

25 அங்குலம் என்றால் 635 மில்லிமீட்டர். 49 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று டேப்பில் குறித்துக்கொண்டு சுற்றிலும் ஒட்டினேன். கடைசி இடைவெளி மட்டும் 2 மில்லிமீட்டர் குறுகியது. அதைத் தெருவைப் பார்க்காத பக்கம் தள்ளிவிட்டேன். 52 புள்ளியும் மகள் வைத்தது. பென்சிலின் ரப்பர் முனையை வெள்ளை எனாமலில் தொட்டு ஒற்றினால் அச்சாக வட்டம் விழுகிறது. நாலைந்து புள்ளிக்கு ஒரு தடவை ரப்பரைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாலோடு விழும்.

இழையை நான் போட்டேன். தரையில் கோலம் போடுகிறவர்கள் நகர்வார்கள், கோலம் அப்படியே இருக்கும். இங்கேயும் அப்படித்தான், ஆனால் முழங்காலில். ஹைட்ரன்டைச் சுற்றி எட்டுப் பிரதட்சணம். மாவு மாதிரி எனாமல் விரலிலிருந்து விழுகிறதில்லை. மெல்லிய பிரஷ்ஷில் ஒரு சாண் ஓடினால் தீர்ந்துவிடும், மறுபடி தொட்டு, விட்ட இடத்தில் ஒட்டுத் தெரியாமல் பிடிக்க வேண்டும். வளைவில் நிறுத்தினால் குமிழ் கட்டுகிறது. இரண்டு புள்ளிக்கு நடுவே, இழை குறுக்கே வெட்டுகிற இடத்தில் நிறுத்தினால் ஒட்டு மறைந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க மூன்று சுற்று ஆனது, அதனால் முதல் மூன்று சுற்றும் கொஞ்சம் அம்மைத் தழும்பாகத்தான் இருக்கும். ஏழு மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு மத்தியானம், ஒரு கிழிந்த பேன்ட். கடைசி வளைவை முடிக்கும்போது அம்மா வீடியோவில் இருந்தாள். “கையத் தூக்காத, தூக்காத” என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

சான்ஃப்ரான்சிஸ்கோவில் ஒரு ஹைட்ரன்டுக்கு வருடா வருடம் தங்க நிறம் அடிக்கிறார்கள். 20-ஆவது தெருவும் சர்ச் தெருவும் சேருகிற முனையில், டோலோரஸ் பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது. ஆபீஸ் வேலையாகப் போனபோது போய்ப் பார்த்தேன். 1906 ஏப்ரல் 18 விடிகாலை 5:12-க்கு நிலநடுக்கம். தெருவுக்கடியில் போன குழாய்களெல்லாம் உடைந்து, ஊர் எரிகிறது, ஹைட்ரன்டுகளில் தண்ணீர் இல்லை. அந்தப் பகுதியில் இந்த ஒன்றில் மட்டும் மறுநாள் ராத்திரி தண்ணீர் வந்தது. மேட்டில் வண்டியை இழுக்கக் குதிரைகளால் முடியாமல் ஜனங்களே தள்ளி ஏற்றினார்களாம். மிஷன் பகுதி தப்பித்தது. ஒவ்வொரு ஏப்ரல் 18-ஆம் தேதியும் இருட்டோடு கூடி, ஆளுக்குக் கொஞ்சமாக ஸ்பிரே பெயின்டில் தங்க நிறம் அடிக்கிறார்கள். நான் போனது வேறு மாதம். கை வைத்துப் பார்த்தேன், அத்தனை கை பெயின்டில் வார்ப்பின் விளிம்பெல்லாம் மழுங்கி, நம் ஊர்க் கோயிலில் எண்ணெய் ஏறிய கல் மாதிரி இருந்தது.

சரி, பனிக்காலம். அலங்காரம் சில வாரத்து வேலை என்றால் இது நாலு மாதத்து வேலை.

நவம்பரில் நீர்த்துறை ஒரு கம்பி கொடுத்தது. ஐந்தடி உயரம், அடியில் ஸ்பிரிங், நுனியில் ஒளி பட்டால் மின்னுகிற பட்டை. ஹைட்ரன்டின் போல்ட்டு ஒன்றில் மாட்ட வேண்டும். இவ்வளவு உயரம் எதற்கென்று நினைத்தேன். டிசம்பர் நடுவில் ஒரே ராத்திரியில் இரண்டடி கொட்டியது. காலையில் பனி தள்ளும் லாரி தெருவைச் சுத்தம் செய்து, அள்ளியதையெல்லாம் ஓரத்தில் கரையாகக் கட்டிவிட்டுப் போனது. கரைக்கு மேலே கம்பியின் நுனி ஒரு முழம் தெரிந்தது. கோலமும் இல்லை, சிவப்பும் இல்லை, பச்சைத் தொப்பியும் இல்லை.

லாரி தள்ளிய பனி, வானத்திலிருந்து விழுந்த பனி மாதிரி இருக்காது. உப்பும் சேறும் கலந்து இறுகி, மண்வெட்டி பட்டால் திருப்பி உதைக்கும். சுற்றிலும் மூன்றடி, அப்புறம் தெரு வரைக்கும் ஒரு ஆள் போகிற வழி. முதல் தடவை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. கேப்டன் தன் வீட்டு வாசலை முடித்துவிட்டு வந்து கூட நின்று தள்ளினார். தள்ளிக்கொண்டே கணக்குச் சொன்னார். வண்டி தன் தொட்டியில் கொண்டுவருவது சுமார் 500 காலன். ஒரே ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 150 காலன் இறைத்தாலும் மூன்றரை நிமிடம் தாங்காது. அதற்குள் ஹைட்ரன்டில் இணைத்தாக வேண்டும். நான் என் நாற்பது நிமிடத்தை நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் பனி விழுகிறபோதே நடுவில் ஒரு தடவை போய்த் தள்ளிவிட்டு வர ஆரம்பித்தேன். அப்படிச் செய்தால் காலையில் பத்து நிமிட வேலை.

பாஸ்டன் நகரத்தில் இதற்கென்றே ஒரு ஆப் செய்தார்கள், 2011-ல். வரைபடத்தில் ஒரு ஹைட்ரன்டைத் தேர்ந்தெடுத்துப் பேர் வைத்தவருக்கு அது சொந்தமானது. பனியில் தோண்டாமல் விட்டால் இன்னொருவர் அதைத் தட்டிப் பறித்துக்கொள்ள முடிந்தது. அதையே ஹொனலூலுவில் சுனாமி எச்சரிக்கைச் சங்குகளைக் கவனிக்க மாற்றிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் ஆப்பெல்லாம் இல்லை, ஒரு எக்செல் ஷீட். ஆனாலும் மகள் பேர் வைத்துவிட்டாள்: ‘பதிமூணு’.

மூன்றாவது தப்பு ஜனவரியில். அவசரத்தில் பிளாஸ்டிக் மண்வெட்டி கிடைக்காமல் இரும்பு மண்வெட்டியை எடுத்துப் போனேன். பனிக்குள் உடம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் குத்தினேன். டங் என்று சத்தம். தோண்டி எடுத்துப் பார்த்தால் கீழ் வரிசையில் இரண்டு புள்ளி போய்விட்டது, அவற்றைச் சுற்றின வளைவும் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. அந்தக் குளிரில் பெயின்ட் பிடிக்காது. மெழுகைத் தேய்த்து வைத்தேன், துரு ஏறாமல் இருக்கட்டும் என்று.

ஏப்ரல் கடைசியில் நீர்த்துறை ஆட்கள் வருடாந்தரச் சோதனைக்கு வந்தார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அவர்களில் ஒருவர் வாய்மூடியில் சாவியைப் போட்டார், ஒரே இழுப்பில் கழன்றது. சுத்தி வேண்டியிருக்கவில்லை. நான் கேப்டன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில்தான் நின்றிருந்தார், காப்பிக் கோப்பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

மெதுவாகத் திறந்தார்கள். முதலில் ஒரு பெருமூச்சு, அப்புறம் தேநீர் நிறத்தில் துருத் தண்ணீர், ஒரு நிமிடத்தில் தெளிந்தது. வாய்க்கு நேரே மெல்லிய முனை வைத்த ஒரு கருவியைப் பிடித்து அழுத்தம் பார்த்து, பட்டியலில் தேடிக் கணக்குப் போட்டு 1180 காலன் என்று எழுதிக்கொண்டார்கள். பச்சைத் தொப்பி பச்சையாகவே இருக்கும். மெதுவாக மூடினார்கள். தண்ணீர் நின்றதும் மூத்தவர் மகளைக் கூப்பிட்டு, “உள்ளங்கையை வாயில் அழுத்தி வை” என்றார்.

வைத்தாள். கண் விரிந்தது. “அப்பா, இழுக்குது!”

நானும் வைத்துப் பார்த்தேன். கைக்குழந்தை விரலைச் சப்புகிற மாதிரி மெல்ல, விடாமல் ஒரு இழுப்பு. உடம்புக்குள் நின்ற தண்ணீர் அடித்துளை வழியாக இறங்கும்போது மேலே காற்றை இழுக்கிறது. இழுப்பு இருந்தால் வடிகால் திறந்திருக்கிறது, அடுத்த குளிரைத் தாங்கும். இழுக்காவிட்டால் பம்ப் வைத்து இறைத்து, தோண்டிப் பார்க்க வேண்டியதுதான். மகள் இழுப்பு நிற்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

போகும்போது மூத்தவர் கீழ் வரிசையைப் பார்த்துவிட்டு, “இங்கே இரண்டு காணோமே” என்றார். ஒரு வருடத்தில் புள்ளிகளை எண்ணிப் பார்த்த வெளி ஆள் அவர் ஒருவர்தான். ஜூனில் சரி செய்துவிடுவேன் என்றேன். வெள்ளை எனாமல் அரை டப்பா மிச்சம் இருக்கிறது. ஆடை கட்டாமல் இருக்க மூடியை இறுக்கி, அடித்தள அறையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூடிமேல் மகள் ஸ்கெட்ச் பேனாவால் ‘24 மணி நேரம்’ என்று எழுதியிருக்கிறாள்.